ஆரஞ்சு எண்ணெய்க் கரைப்பான்: சிந்திய மெழுகுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மெழுகுவர்த்தியிலிருந்து கம்பளத்திலோ துணியிலோ சிந்திய மெழுகை எடுப்பதற்கென்று விற்கப்படும் பொருள்களில் பல, ஆரஞ்சுத் தோலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. அவ்வகையைச் சேர்ந்த, தெளிப்பு முனை பொருத்திய குப்பி ஒன்றைக் கம்பளி விரிப்பிலும், செயற்கை இழைக் கார்பெட்டிலும், பருத்தி மேசை விரிப்பிலும், பாலியெஸ்டர் திரைச்சீலையிலும் பயன்படுத்திப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் தரமானது, கையில் இருக்க வேண்டியதும்கூட. ஆனால், உறைந்து கிடக்கும் மெழுகின் மேல் நேராகத் தெளிக்கச் சொல்லும் அதன் செய்முறைக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் கறை குறைவதற்குப் பதிலாகப் பரவும். மெழுகின் பெரும்பகுதியைக் குளிராலும் சூட்டாலும் எடுத்துவிட்டு, கடைசியாக எஞ்சும் எண்ணெய்ப்பசைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துபவருக்கு இதைவிடப் பொருத்தமான துணை அரிது.

குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் குறிப்பு மிகச் சுருக்கமானது: தெளிக்கவும், சில நிமிடம் காத்திருக்கவும், துடைக்கவும். பயன்படாத கார்பெட் துண்டு ஒன்றில் மெழுகை வேண்டுமென்றே சொட்டவிட்டு, உறைந்த பின் இந்த முறையை அப்படியே செய்து பார்த்தேன். மெழுகின் மேற்பரப்பு மட்டும் வெண்மை மாறிக் கூழாக இளகியது. அடியில் இருந்தது கட்டியாகவே நின்றது. துடைத்தபோது அந்தக் கூழ் பக்கத்து இழைகளில் அப்பிக்கொண்டது. சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி, அதைவிட அகலமான ஒரு மங்கல் வட்டம் உருவானது. இதற்கு முழுப் பொறுப்பையும் திரவத்தின் தரத்தின் மேல் சுமத்த முடியாது. ஆரஞ்சு எண்ணெயின் பெரும்பங்கு லிமொனீன் என்னும் ஹைட்ரோகார்பன். பாரஃபின் மெழுகும் ஹைட்ரோகார்பன்களின் கலவைதான். ஓரினமான இவை ஒன்றில் ஒன்று கரையும் என்பது உண்மையே. ஆயினும் அறை வெப்பத்தில் கெட்டியான மெழுகு மெதுவாகவே கரைகிறது. ஒரு தடித்த சொட்டைக் கரைக்கத் தேவைப்படும் திரவம் அந்தச் சொட்டைப் போலப் பன்மடங்கு. அப்படிக் கரைந்த மெழுகு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. மேலே உறிஞ்சி எடுக்க ஏதும் இல்லாவிட்டால் அது கீழ்நோக்கி இறங்கிவிடும்.

கார்பெட்டின் கட்டமைப்பை அறிந்தவர்களுக்கு இது ஏன் கவலைக்குரியது என்பது விளங்கும். நாம் காலால் மிதிக்கும் இழைக்கற்றைகள் ஓர் அடித்துணியில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கின்றன. அந்த அடித்துணியும் அதற்குக் கீழே உள்ள இரண்டாம் துணியும், பெரும்பாலான கார்பெட்டுகளில், லேடெக்ஸ் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. கரைப்பான் அந்தப் பசைவரை இறங்கித் தங்கினால் பசை இளகும். இழைக்கற்றைகளின் பிடி தளரும். அடித்துணி உப்பிப் பிரியவும் கூடும். மேலே தெரியும் கறையை நீக்க முயன்று கீழே தெரியாத சேதத்தை உண்டாக்குவது எவ்வகையிலும் லாபமில்லை. ஆகவே இந்தத் திரவத்தைக் கார்பெட்டின் மேல் நேரடியாகத் தெளிப்பதையே நான் ஏற்பதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் தெளித்து, அந்தத் துணியால் ஒற்றுவதே முறை. குப்பியின் குறிப்பில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் என் மதிப்பீடு இன்னும் தாராளமாக இருந்திருக்கும்.

கரைப்பானுக்கு முன்பாகச் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைச் சொல்லாமல் அதன் தகுதியை எடைபோட முடியாது. முதலாவது குளிர். மெழுகு இன்னும் இளகியிருக்கும்போது கை வைக்காமல் உறையவிட்டு, பிளாஸ்டிக் பையில் இட்ட பனிக்கட்டியை அதன் மேல் சிறிது நேரம் வைத்தால், பாரஃபின் மெழுகு நொறுங்கும் தன்மையை அடையும். அப்போது மொண்ணைக் கத்தியின் முதுகாலோ கரண்டியின் விளிம்பாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பெயர்த்தால், இழைகளின் மேல் தங்கிய மெழுகு சில்லுகளாக விடுபடும். சில்லுகளை அங்கேயே விட்டுவிடக் கூடாது. அடுத்து சூடு படும்போது அவையெல்லாம் மறுபடி உருகிப் புதிய இடங்களில் இறங்கும் என்பதால், வேக்யூம் கிளீனரால் உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மெழுகு குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது மட்டுமே வேக்யூம் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இளகிய மெழுகு குழாயின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

குளிர் எல்லா மெழுகுக்கும் ஒரே அளவில் உதவாது. நிமிர்ந்து நிற்கும் தடித்த மெழுகுவர்த்திகளில் ஸ்டியரிக் அமிலம் போன்ற கடினமாக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. அவை குளிர்ந்ததும் சுளையாகப் பெயர்ந்துவிடும். கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி விற்கப்படும் வாசனை மெழுகுகளோ, குறிப்பாகச் சோயா மெழுகு, இயல்பிலேயே மென்மையும் பிசுபிசுப்பும் உடையவை. பனிக்கட்டி வைத்த பிறகும் அவை நொறுங்காமல் வெண்ணெய் போல மழுங்குகின்றன. அத்தகைய மெழுகைக் குளிரவைத்துச் சுரண்டுவதில் அதிக நேரம் செலவிடாமல், மேலே திரண்டிருப்பதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு அடுத்த படிக்குச் செல்வதே நல்லது. சுரண்டிச் சுரண்டி இழைகளைப் பிய்த்துவிட்டால் மெழுகு போனாலும் தழும்பு நிற்கும்.

இரண்டாவது வேலை, சூடும் உறிஞ்சுதாளும். உண்மையில் மெழுகை வெளியே எடுப்பது இதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாரஃபின் மெழுகு அதன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகுகிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். ஸ்டியரிக் அமிலத்துக்கு 69 டிகிரி போதும். இஸ்திரிப்பெட்டியின் மிகக் குறைந்த நிலை, அதாவது ஒற்றைப் புள்ளி இட்ட நிலை, ஏறத்தாழ 110 டிகிரி. ஆக, எந்த மெழுகுவர்த்தி மெழுகையும் உருக்க அந்தக் குறைந்த நிலையே தேவைக்கு அதிகமானது. இரண்டு புள்ளிக்கோ மூன்று புள்ளிக்கோ ஏற்றுவதால் வேலை விரைவதில்லை. இழை கருகும் ஆபத்துதான் கூடுகிறது. நீராவி விசையை அணைத்துவிட வேண்டும். தாள் நனைந்தால் நீர் அதன் நுண்துளைகளை நிரப்பிவிடும். எண்ணெய்த் தன்மையுள்ள மெழுகுக்கு உள்ளே நுழைய இடம் இருக்காது.

தாளின் தேர்வில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அச்சிட்ட செய்தித்தாளைப் போட்டால் மை இறங்கும். வண்ணப்பூ அச்சிட்ட டிஷ்யூவிலும் அதே தொல்லை. மெழுகு பூசிய தாள் எதையும் உறிஞ்சாது. அச்சில்லாத பழுப்புத் தாள், வெள்ளை உறிஞ்சுதாள், வெண்மையான சமையலறைத் தாள் ஆகிய மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன. இவற்றில் உறிஞ்சுதாளுக்கே என் வாக்கு, ஏனெனில் அது சூட்டில் பிய்ந்து இழைகளில் ஒட்டிக்கொள்வதில்லை. தாளைக் கறையின் மேல் விரித்து, பெட்டியின் நுனியால் ஓரிரு விநாடி தொட்டு எடுத்தால், தாளின் நடுவில் சிறியதொரு கண்ணாடிப் பொட்டு போல ஓர் இடம் ஒளிபுகும் தன்மை பெறுவதைக் காணலாம். அந்தப் பொட்டு கண்முன்னே விளிம்பு விரிந்து, நாணய அளவுக்குப் பெருகி, பிறகு நின்றுவிடும். உருகிய மெழுகு தாளின் நுண்குழாய்களில் ஏறி அமர்ந்ததன் அடையாளம் அது. பொட்டு நின்றதும் அந்தப் பகுதி நிறைந்துவிட்டது என்று பொருள். உடனே தாளை நகர்த்திப் புதிய இடத்தைக் கறையின் மேல் கொண்டுவர வேண்டும். நிறைந்த தாளையே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் ஏறிய மெழுகு திரும்பக் கீழே இறங்கும். பெட்டியை இழுத்துத் தேய்ப்பதும் கூடாது. தொட்டு எடுக்க வேண்டும். கடைசியாக வைக்கும் தாளில் பொட்டே விழாதபோது இந்த வேலை முடிந்தது.

துணியாக இருந்தால் மேலும் கீழும் தாள் வைத்து நடுவில் துணியை இருத்தலாம் என்பதால் காரியம் எளிது. மேசை விரிப்பில் இருந்த சொட்டு இரு பக்கத் தாள்களிலும் ஏறி, கரைப்பானுக்கு வேலையே வைக்காமல் போய்விட்டது. கார்பெட்டில் கீழே தாள் வைக்க வழியில்லை. ஒரு பக்கமாக மட்டுமே இழுக்க முடியும். அதனால்தான் அங்கே எப்போதும் சிறிது மிச்சம் நிற்கிறது.

இழையின் வகையை அறியாமல் இஸ்திரிப்பெட்டியை எடுக்கக் கூடாது. மலிவான பல கார்பெட்டுகள் பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனவை. அது ஏறத்தாழ 160 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்னரே இளகி, அழுத்தத்தில் தட்டையாகி, பளபளவென்ற ஒரு திட்டாக மாறும். அந்தத் திட்டை எந்தப் பொருளாலும் மீட்க முடியாது. நைலானும் பாலியெஸ்டரும் 200 டிகிரியைத் தாண்டிய பிறகே உருகுபவை என்பதால் ஒற்றைப் புள்ளிச் சூட்டைத் தாங்கும். கம்பளி உருகாது, ஆனால் கருகும். பாலிபுரொப்பிலீன் என்று தெரிந்தாலோ, என்ன இழை என்றே தெரியாவிட்டாலோ, இஸ்திரிப்பெட்டியை விட்டுவிட்டு ஹேர் டிரையரால் சற்று எட்டத்தில் இருந்து சூடுகாட்டி, மெழுகு பளபளக்கத் தொடங்கியதும் தாளை விரல்களால் அழுத்தி உறிஞ்சவிடலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கை ஓரளவு பொறுக்கும் சூட்டிலேயே வேலை நடப்பதால் இழைக்குக் கேடில்லை.

இனி, கரைப்பானின் உண்மையான இடத்துக்கு வருகிறேன். தாளில் பொட்டு விழுவது நின்ற பிறகும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே கறுத்தும், விரலால் தடவினால் இழைகள் கற்றையாக ஒட்டியும் இருக்கும். இது இழையின் மேல் படர்ந்த மிக மெல்லிய மெழுகுப் படலம், கூடவே வாசனை மெழுகுகளில் சேர்க்கப்படும் நறுமண எண்ணெய். இந்தப் படலத்தை அப்படியே விட்டால் நடப்பவர்களின் காலிலிருந்து வரும் தூசியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். இன்று கண்ணுக்குத் தெரியாதது சில வாரங்களில் பழுப்பு வட்டமாகத் தெரியும். பாலிபுரொப்பிலீனுக்கு எண்ணெயைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு என்பதால் அதில் இத்தொல்லை மற்ற இழைகளைவிட அதிகம். இங்கேதான் இந்தக் குப்பி தன் மதிப்பைக் காட்டுகிறது. வெள்ளைத் துணியின் ஒரு முனையில் லேசாகத் தெளித்து, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி, ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் சுத்தமான பகுதியைத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒட்டியிருந்த இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிமிர்வதை விரல் நுனியிலேயே உணர முடிகிறது. படலம் மெல்லியது என்பதால் கரைவதற்குச் சில துளிகளே போதும். கரைந்தது துணியில் ஏறிவிடுகிறது. கீழே இறங்க மிச்சமில்லை. தடித்த சொட்டிடம் தோற்ற அதே திரவம், மெல்லிய படலத்தை இவ்வளவு நேர்த்தியாக எடுப்பது எனக்கு மனநிறைவைத் தந்தது.

ஆனால் லிமொனீனும் ஓர் எண்ணெய்தான். அதைத் துணியில் விட்டுவைத்தால் மெழுகின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒற்றி முடித்ததும், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஓரிரு துளி மட்டும் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து துடைத்து, பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பையும் எடுத்து, உலர்ந்த துண்டை வைத்து அழுத்தி ஈரத்தை உறிஞ்ச வேண்டும். சோப்பு தங்கினாலும் தூசி சேரும். இந்த அலசும் படியைக் குப்பியின் குறிப்பு ஒரு சொல்லாலும் தொடவில்லை. அது பெரிய குறை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு; பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். லிமொனீனின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸ். இஸ்திரிப்பெட்டியின் ஒற்றைப் புள்ளிச் சூடு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே கரைப்பான் பட்ட இடத்தில் மறுபடி இஸ்திரிப்பெட்டியையோ ஹேர் டிரையரையோ கொண்டுபோகவே கூடாது. வரிசை மாறக் கூடாது: குளிர், சூடு, அதன் பிறகே கரைப்பான். குப்பியில் ‘எரியும் தன்மையுடையது’ என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கிறதே தவிர, மெழுகை எடுக்க முயல்பவர்கள் இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுப்பார்கள் என்பதை உற்பத்தியாளர் நினைத்துப் பார்த்ததற்கான அடையாளம் இல்லை. மெழுகுக்கென்றே விற்கும் பொருளில் இந்த எச்சரிக்கை தடித்த எழுத்தில் முன்பக்கம் இருந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தி அருகில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நனைந்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாமல், காற்றோட்டமான வெளியிடத்தில் விரித்து உலர்த்தியபின் எறிவது நல்லது.

நிறமுள்ள மெழுகு என்றால் கதை வேறு. சிவப்பு மெழுகு சிந்திய பருத்தித் துணியில், மெழுகு முழுவதும் தாளில் ஏறிய பிறகும் இளஞ்சிவப்பு நிழல் ஒன்று தங்கியது. கரைப்பான் அதில் ஒரு பகுதியைத் துணிக்கு மாற்றியது, மீதியை விட்டுவிட்டது. மெழுகில் சேர்க்கும் சாயங்கள் எண்ணெயில் கரைபவை. சூடு காட்டும்போது அவை மெழுகோடு சேர்ந்து இழைக்குள் ஆழமாகப் புகுந்துவிடுகின்றன. ஆகவே அடர்நிற மெழுகில் குளிரவைத்துப் பெயர்ப்பதற்கே கூடுதல் பொறுமையைச் செலவிட்டு, சூட்டை இயன்றவரை குறைத்துக்கொள்வது பயன் தரும். எஞ்சிய நிறத்துக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இந்தக் குப்பியைவிட நன்றாக வேலை செய்தது; மருந்துக்கடைகளில் கிடைப்பதே போதும். வெண்மையான பருத்தியில் அதற்கும் மிஞ்சிய நிழலை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுக்கச் செய்தது. சாயம் ஏற்றிய துணியிலும் கம்பளியிலும் பட்டிலும் அதைத் தொடுவதற்கு நான் துணியமாட்டேன். ‘எல்லாவித மெழுகுக் கறைக்கும்’ என்ற வாசகத்தைக் குப்பியிலிருந்து நீக்குவது நேர்மையாக இருக்கும்.

வெல்வெட்டில் மேற்புறத்தை அழுத்தினால் அதன் மயிர்ப்பரப்பு படுத்துவிடும். முகப்பைத் தாளின் மேல் கவிழ்த்து, பின்புறமிருந்து சூடுகாட்ட வேண்டும். சணல் விரிப்பு நீர் பட்டால் பழுப்பேறும் என்பதால் அதில் சோப்பு நீர் அலசல் இயலாது. அலச முடியாத இடத்தில் கரைப்பானும் வேண்டாம். விலையுயர்ந்த பட்டையும், கையால் முடைந்த பழைய கம்பளங்களையும் இத்தொழிலில் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுவதே அறிவு. எந்தத் துணியானாலும், கண்ணில் படாத மூலையில் ஒரு துளி வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

குப்பியின் அமைப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. தெளிப்பு முனை சொட்டாமல் அடைக்கிறது. விசிறலாகவும் நேர்க்கோடாகவும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் துணியில் தெளிக்க விசிறல் ஒன்றே போதும். மணம் தொடக்கத்தில் இனிமையாக இருந்தாலும், மூடிய அறையில் விரைவிலேயே தலையைக் கனக்கச் செய்கிறது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தால் அன்றே மணம் அடங்கிவிடும். கையுறை அவசியம். லிமொனீன் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் சேர்மங்களாக மாறுகிறது. எனவே நெடுநாள் திறந்து கிடந்த குப்பியை வைத்துக்கொள்ளாமல், இருப்பதில் மிகச் சிறிய அளவையே வாங்கி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. சிட்ரஸ் எண்ணெய்கள் பூனைகளுக்கு நஞ்சாகக்கூடியவை. பூனை வளர்ப்பவர்கள் அந்த இடத்தை அலசி உலர்த்தி முடிக்கும்வரை அதை வேறு அறையில் அடைத்துவைக்க வேண்டும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லிமொனீன் கரைக்கும் என்பதால், தெர்மோகோல் குவளையிலோ மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணத்திலோ இதை ஊற்றி வைத்து வேலை செய்யக் கூடாது. கண்ணாடிக் கிண்ணமே ஏற்றது.

துவைத்து உலர்த்தக்கூடிய பருத்தித் துணிகளில் மட்டுமே மெழுகு சிந்துகிற வீடு என்றால் இதை வாங்கத் தேவையில்லை. தாளும் சூடும் சோப்பும் அங்கே போதுமானவை. தரையோடு பதித்த கார்பெட், கழற்ற முடியாத இருக்கை உறை, கனத்த திரைச்சீலை என்று எடுத்துத் துவைக்க வழியில்லாதவற்றை வைத்திருப்பவர்கள், அதிலும் வாசனை மெழுகுகளை அடிக்கடி ஏற்றுபவர்கள், சிறிய குப்பி ஒன்றை வாங்கி வைக்கலாம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்றரையும் திரவத்துக்கு உரியதல்ல, செய்முறைக் குறிப்புக்கு உரியது. தெளிக்கும் முன் மெழுகைப் பெயர்க்கவும், துணியில் தெளித்து ஒற்றவும், பிறகு அலசவும், சூடு காட்டாதிருக்கவும் சொல்லும் நான்கு வரிகளை உற்பத்தியாளர் சேர்த்துவிட்டால் அதில் ஒரு மதிப்பெண்ணைத் தயக்கமின்றித் திருப்பித் தருவேன். மீதி அரை, நிறமுள்ள மெழுகைப் பற்றிய அந்த வாசகம் மாறும்வரை நிற்கும்.